மான் வேட்டை: எதை எடுப்பது, எதை விடுவது?

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 15 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. நவம்பர் 30 வரை 16 நாள்கள். வடபகுதியில் சில பள்ளிக்கூடங்கள் முதல் நாள் விடுமுறையே விட்டுவிடும். டியர்பார்ன், ஹாம்ட்ராமிக் போன்ற, முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஊர்கள் உள்ள மாநிலமும் இதுதான். முறைப்படி லைசன்ஸ் எடுத்து, குளிரில் பரண் ஏறி உட்காரும் முஸ்லிம்களும் அங்கே இருக்கிறார்கள்.

மேலே போகும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இலங்கையிலும் அது சட்டவிரோதம். மார்க்கம் அனுமதித்த ஒன்றை நாட்டுச் சட்டம் தடுத்திருக்கும்போது, 'ஹலால்தானே' என்று காட்டுக்குள் நுழைய யாருக்கும் வழியில்லை. நாம் இங்கே பேசுவது, மான்கள் பெருகி, அரசே வேட்டைக்கு அனுமதிச் சீட்டு தருகிற நாடுகளைப் பற்றி. அதற்கு மிச்சிகனை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வோம்.

வேட்டை கூடுமா கூடாதா என்பது பெரிய கேள்வி அல்ல. அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் நான்கு வசனங்களே அதற்குப் பதில் தந்துவிட்டன. இஹ்ராம் நிலையில் கூடாது, மற்ற நேரத்தில் உணவுக்காகக் கூடும். வேறொரு கேள்விதான் பரணில் உட்கார்ந்திருப்பவரைத் தொல்லைப்படுத்துகிறது. ஒரு மான் வருகிறது. சிறிய கொம்புள்ள ஆண் மான். இதை எடுப்பதா, இதைவிடப் பெரிது வரும் என்று விடுவதா? அடுத்து ஒரு பெண் மான், பின்னால் குட்டி. தாயை எடுப்பது இரக்கமற்ற செயல் இல்லையா? ஒரு வேட்டைக்காரர் எவ்வளவு பார்த்துப் பொறுக்க வேண்டும்?

முதலில் கொம்பு விவகாரம். வெண்வால் மானின் ஆணுக்கு ஆண்டுதோறும் கொம்பு விழுந்து புதிதாக முளைக்கும். ஒன்றரை வயதில் வருவதுதான் அதன் முதல் முழுக் கொம்பு. ஐந்து முதல் ஏழு வயதுக்குள் அது உச்ச அளவை எட்டும். 1887-இல் தியடோர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம் கொம்புகளை அங்குலக் கணக்கில் அளந்து மதிப்பெண் போடுகிறது. வெண்வால் மானின் சீரான கொம்பு 170 மதிப்பெண்ணைத் தொட்டால்தான் அவர்களுடைய நிரந்தரப் பதிவேட்டில் இடம். இந்த எண்ணைத் துரத்திக்கொண்டு பருவம் முழுக்க ஒரு மானையும் எடுக்காமல் திரும்புகிறவர்கள் பலர். அங்கே 'தேர்ந்தெடுக்கும் வேட்டைக்காரர்' என்றால் பெரும்பாலும் இவரைத்தான் சொல்வார்கள்.

இதை முழுக்கப் பெருமையடிப்பு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. முன்பு கொம்பு தெரிந்தால் போதும் என்று எல்லோரும் சுட்டதால், ஒன்றரை வயது ஆண் மான்களே பெருமளவில் செத்துப்போயின. வயது முதிர்ந்த ஆண் மானைக் காண்பதே அரிதாகிவிட்டது. அதனால் பென்சில்வேனியா மாநிலம் 2002-இல், கொம்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் முனைகள் இல்லாத ஆணைச் சுடக்கூடாது என்று விதி போட்டது. மிச்சிகனில் ஒருவர் இரண்டு டேக் எடுத்தால் ஒன்றில் இப்படியான கொம்புக் கட்டுப்பாடு உண்டு. இளசை விட்டுவைக்கச் சொல்லும் இந்த விதிகள் நியாயமானவையே. ஆனால் சிலர், 'கொம்பு கோணலாக உள்ளதைச் சுட்டுக் கழித்தால் இனம் திருந்தும்' என்று சொல்லிச் சுடுகிறார்கள். திறந்த காட்டில் இது நடக்கிற காரியமில்லை. கொம்பின் அளவைத் தீர்மானிப்பதில் வயதுக்கும் தீவனத்துக்கும் பெரும் பங்கு உண்டு. மரபிலும் பாதி தாயிடமிருந்து வருகிறது, தாய்க்குக் கொம்பே கிடையாது.

மந்தையின் கணக்கு கொம்பில் இல்லை, பெண் மானில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள மிச்சிகனிலேயே ஒரு பாடம் உண்டு. பிங்க்னி என்ற ஊருக்கு அருகில், சுமார் 460 ஹெக்டேர் நிலத்தைச் சுற்றி வேலி போட்டு, 1928-இல் 2 ஆண், 4 பெண் என 6 மான்களை விட்டார்கள். ஜார்ஜ் ரிசர்வ் என்று அதற்குப் பெயர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்த அந்த இடத்தில் 1933-இல் எண்ணிப் பார்த்தபோது சுமார் 160 மான்கள்! நல்ல தீவனம் கிடைத்தால் பெண் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். ஆகவே ஆண்களை எத்தனை சுட்டாலும் அடுத்த ஆண்டு பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை.

தென் மிச்சிகனில் இன்றைய பிரச்சினை இதுதான். குளிர்காலம் அவ்வளவு கடுமையில்லை. சோள வயல், சோயா வயல், நடுநடுவே தோப்பு. மான் பெருகுகிறது. மாநிலம் முழுக்க ஆண்டுக்கு 50,000-க்கும் மேற்பட்ட வாகனங்கள் மான் மீது மோதுகின்றன. இளம் ஓக் கன்றுகள் தலை தூக்குவதற்குள் மேயப்பட்டுவிடுகின்றன. கொம்பில்லாத மானை எடுங்கள் என்று வனத்துறையே வேண்டிக் கேட்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் பத்துப் பெண் மான்களைப் போகவிட்டுப் பெரிய கொம்புக்காகக் காத்திருப்பவர் தன் விருப்பத்துக்குத்தான் காத்திருக்கிறார், காட்டுக்கு அதில் நன்மை இல்லை. சிறிய ஆணை விடுவது சரி, அந்த இடத்தில் ஒரு பெண் மானை எடுத்தால்.

அதே மாநிலத்தின் வடக்கே, மேல் தீபகற்பத்துக்குப் போனால் விடை தலைகீழாக மாறிவிடும். ஆளுயரப் பனி. மான்கள் சிடார், ஹெம்லாக் மரங்களின் அடியில் கூட்டமாக ஒடுங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஓநாய்களும் உண்டு. கடுங்குளிர் ஆண்டுகளில் குட்டிகள்தான் முதலில் பட்டினியால் சாகும். அங்கே பனி மிகுந்த பகுதிகளில் பெண் மான் வேட்டைக்குக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே 'பெண் மானை எடுக்கலாமா' என்பதற்கு எல்லா இடத்துக்கும் பொதுவான பதில் கிடையாது. லைசன்ஸ் வாங்கும் முன் அந்த மாவட்டத்தில் மான் கூடுகிறதா குறைகிறதா என்று விசாரிக்க வேண்டும். விதிகள் ஆண்டுதோறும் மாறும், போன வருட நோட்டீஸைப் பார்த்துக்கொண்டு போகக்கூடாது.

தாயும் குட்டியும் வந்தால்?

இந்தத் தயக்கம் ஈமான் உள்ள நெஞ்சுக்கு வரவேண்டிய தயக்கம்தான். பயணம் ஒன்றில் தோழர்கள் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் சொன்னதை இப்னு மஸ்ஊத் (ரலி) வாயிலாக அபூதாவூத் நூலில் காண்கிறோம்.

ஆனால் பருவத்தின் தேதிகள் குருட்டாம்போக்கில் வைக்கப்பட்டவை அல்ல. வெண்வால் மான் மே இறுதியிலும் ஜூனிலும் ஈனும். நவம்பர் நடுவில் குட்டிக்கு ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். பால் குடி மறந்து தானே மேயும். தாய் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சினைக்காலம் ஏறத்தாழ 200 நாள், இணை சேர்வதே நவம்பரில்தான். எனவே வயிற்றில் வளர்ந்த குட்டி இருக்குமோ என்ற கவலையும் அந்த மாதத்தில் பெரிதாக இல்லை. இன்னமும் உறுத்துகிறது என்றால், குட்டியோடு வராத மானுக்குக் காத்திருக்கலாம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

இங்கே அனுபவசாலிகளும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த ஆண்டுப் பிறந்த ஆண் குட்டிக்கு நவம்பரில் கொம்பு இராது, தோலுக்கு அடியில் இரண்டு பொத்தான் அளவு மேடு மட்டும் இருக்கும். தூரத்தில் பெண் மான் போலவே தெரியும். பெண் மானின் தலை மேலே சற்று உருண்டு, முகம் நீண்டிருக்கும். குட்டியின் முகம் குட்டையாக இருக்கும். ஆண் குட்டியின் நெற்றி மேலே தட்டையாக இருக்கும். தனியாகத் துணிச்சலோடு வெட்டவெளிக்கு வரும் சிறிய மான் பெரும்பாலும் இந்த ஆண் குட்டிதான். இரண்டு மூன்று மான்கள் சேர்ந்து நிற்கும்வரை பொறுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பெரியதை எடுப்பது நல்லது. அந்தி மங்கிய வெளிச்சத்தில் இந்த வேறுபாடு தெரியாது. அப்போது கையை எடுத்துவிட வேண்டியதுதான்.

சட்டியைப் பற்றியும் பேசுவோம். முதிர்ந்த பெண் மான் ஒன்றிலிருந்து எலும்பில்லாத கறி சுமார் 20 கிலோ கிடைக்கும். பெரிய ஆணில் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் இணை சேரும் பருவத்தில் ஆணின் பின்னங்கால் சுரப்பிகள் நாற்றமெடுக்கும். உரிக்கும்போது கை பட்டுக் கறியில் பட்டால் போச்சு. பிரியாணிக்கோ சால்னாவுக்கோ ஒன்றரை, இரண்டரை வயதுப் பெண் மான்தான் தோது.

நோய்க் கணக்கும் இதே திசையைக் காட்டுகிறது. மான்களின் மூளையைச் சிதைத்து மெலியவைத்துக் கொல்லும் ஒரு நோய் மிச்சிகனின் காட்டு மான்களில் 2015-இல் கண்டறியப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோய் உறுதியான மானின் கறியை உண்ண வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. இந்த நோய் பொதுவாக முதிர்ந்த ஆண் மான்களில் அதிகம் காணப்படுகிறது. சுவரில் மாட்ட ஆசைப்படும் அதே மான்! மாநிலத்தின் வடகிழக்கில் 1990-களிலிருந்து மாட்டுக் காசநோயும் மான்களில் இருக்கிறது. வயிற்றைக் கிழித்ததும் விலா எலும்பின் உட்புறம் பட்டாணி போன்ற கட்டிகள் தெரிந்தால், வெட்டுவதை நிறுத்திவிட்டு வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நோய் உள்ள மாவட்டத்தில் எடுத்த மானின் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை கறியை உறைநிலையில் வைப்பது நல்லது.

ஆக, எந்த மான் என்பதில் நமக்கு விட்டுக்கொடுக்க இடமிருக்கிறது. கொம்பு ஒரு பொருட்டே அல்ல. ஆணோ பெண்ணோ, அந்த ஊர் மந்தைக்கு எது குறைய வேண்டுமோ அது, சட்டம் அனுமதித்தால். விட்டுக்கொடுக்கவே கூடாத தேர்வு வேறொன்று, எந்த நிலையில் நிற்கும் மான் மீது எய்வது என்பது. ஒரு முஸ்லிமுக்கு இது கருணையின் விஷயம் மட்டுமில்லை, கறி ஹலாலா இல்லையா என்பதே இதில்தான் தொங்குகிறது.

அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டை பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட கேள்விகள் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளன. அவற்றிலிருந்து நாம் அறிவது: எய்யும்போது அல்லாஹ்வின் பெயர் சொல்ல வேண்டும். ஆயுதத்தின் கூர்முனை துளைத்துக் கொன்றதை உண்ணலாம், பக்கவாட்டில் மோதி அடிபட்டுச் செத்ததை உண்ணக்கூடாது. அம்பு பட்ட பிராணி தண்ணீரில் விழுந்து செத்திருந்தால் விட்டுவிட வேண்டும், கொன்றது அம்பா நீரா என்று தெரியாது. ஒரு நாள் கழித்துக் கிடைத்து, தன் அம்பின் தடம் தவிர வேறு எதுவும் இல்லையென்றால் உண்ணலாம். உயிரோடு கிடைத்தால் அறுத்தாக வேண்டும்.

இந்தச் சட்டங்களை மிச்சிகன் காட்டில் பொருத்திப் பார்ப்போம். பக்கவாட்டில் அசையாமல் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் பட்டால் இதயமும் நுரையீரலும் துளைபடும். ஐம்பது, நூறு மீட்டர் ஓடி, சில நொடிகளில் கண் எதிரே விழும். சந்தேகத்துக்கு இடமில்லை. அதே மான் நேருக்கு நேர் நிற்கும்போதோ, ஓடும்போதோ, பின்பக்கம் காட்டும்போதோ எய்தால் வயிற்றில் படும். வயிற்றில் பட்ட மான் மணிக்கணக்கில் சாகாது. உடனே துரத்தினால் இன்னும் தூரம் ஓடும் என்பதால், பல மணி நேரம் காத்திருந்து தேடுவதுதான் அங்குள்ள வேட்டைக்காரர்களின் வழக்கம். நம் சட்டமோ தேடுவதில் அலட்சியம் கூடாது என்கிறது. தேடாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் பிறகு செத்துக் கிடப்பதைக் கண்டால் உண்ணக்கூடாது என்பது ஹனஃபி நூல்களின் நிலை. இரவு கடந்தால் கயோட்டி நரிகள் கடித்திருக்கும். பக்கத்தில் சதுப்பு நிலம், ஓடை. கடைசியில் கிடைத்த மானைச் சுற்றி ஆயிரம் சந்தேகம். ஒரு மோசமான எய்தலில் மானுக்கும் வதை, நமக்கும் கறி இல்லை.

துப்பாக்கிக் குண்டு பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். குண்டு கூர்மையால் அறுப்பதில்லை, வேகத்தாலும் அழுத்தத்தாலும் கொல்கிறது. எனவே அது அடிபட்டுச் செத்ததைப் போன்றது, உயிரோடு பிடித்து அறுத்தால்தான் ஹலால் என்று ஹனஃபி அறிஞர்கள் பலர் கூறுகின்றனர். உடலைத் துளைத்துச் செல்வதே போதுமானது, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டால் ஹலால் என்பது இமாம் ஷவ்கானீயின் கருத்து. இக்காலத்து அரபுலக அறிஞர்கள் பலரும் இவ்வாறே ஃபத்வா தந்துள்ளனர். எதைப் பின்பற்றுவது என்பதை அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டு, வேட்டைக்குப் போகும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். மான் விழுந்த பிறகு ஃபத்வா தேடுவது சரியில்லை.

முதல் கருத்தைப் பின்பற்றுகிறவருக்கு ஒரு சிக்கல் வரும். இதயத்தில் சுட்டால் அறுக்கப் போவதற்குள் உயிர் போய்விடும். உயிர் தங்கட்டும் என்று காலில் சுடுவது கொடுமை. அந்த வழி வேண்டவே வேண்டாம். நம் பார்வையில் இவர்களுக்கு ஏற்றது வில். மிச்சிகனில் வில் வேட்டை அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரையும், டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரையும் நடக்கிறது. சவரக்கத்தி போன்ற அலகுகள் கொண்ட அம்பு முனை துளைத்து அறுத்துக் கொல்வதால் இந்தக் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. ஆனால் வில்லுக்குத் தேர்வு இன்னும் கடினம். 25 மீட்டருக்குள் மான் வர வேண்டும், நாண் ஓசைக்குக்கூடத் துள்ளிவிடும். மாதக்கணக்கில் பயிற்சி எடுக்காதவர் வில்லைத் தொடாமல் இருப்பதே மேல். ஒவ்வொன்றையும் அழகிய முறையில் செய்ய வேண்டும், அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. வில்காரருக்குப் பயிற்சிதான் அந்தத் தீட்டுதல்.

பிஸ்மில்லாஹ் விஷயத்தில் நுணுக்கமான ஒரு வேறுபாட்டையும் குறிப்பிடலாம். அறுக்கும்போது குறிப்பிட்ட அந்தப் பிராணிக்காகச் சொல்கிறோம். வேட்டையில் எய்யும் ஆயுதத்துக்காகச் சொல்கிறோம். ஆகவே ஒன்றைக் குறிபார்த்து மற்றொன்றில் பட்டாலும் அது ஹலால் என்றே ஃபிக்ஹ் நூல்களில் காண்கிறோம். இதை அசட்டைக்கு அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குண்டு ஒரு மானைத் துளைத்துப் பின்னால் நிற்கும் மானிலும் பாயும். கையில் ஒரு டேக், தரையில் இரண்டு மான். மார்க்கப்படி கறி ஹலால் என்றாலும் சட்டப்படி அபராதம் கட்ட வேண்டிவரும். கூட்டமாக நின்றால், பிரியும்வரை பொறுக்க வேண்டும்.

உயிருள்ள ஒன்றை வெறும் குறிவைக்கும் இலக்காக ஆக்குவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார். உண்ணும் எண்ணமின்றிப் பொழுதுபோக்குக்காக வேட்டையாடுவதை அறிஞர்கள் வெறுத்திருக்கிறார்கள். கொம்புக்காக எடுத்து, கறியையும் முழுதாக உண்பவர் அந்தக் கண்டனத்துக்குள் வரமாட்டார். கொம்பை வீட்டில் வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. தலையை மட்டும் வெட்டிக்கொண்டு உடலை விட்டுவருபவர் வருவார். மிச்சிகன் சட்டமும் அதைக் குற்றமாகவே பார்க்கிறது.

பருவத்தின் கடைசி நாள்களில்தான் உண்மையான சோதனை. பதினைந்து நாள் குளிரில் உட்கார்ந்தாயிற்று, டேக் இன்னும் காலி. வெளிச்சம் மங்குகிறது, தூரத்தில் ஏதோ அசைகிறது. அல்மாயிதாவின் 94-ஆம் வசனம் நினைவுக்கு வர வேண்டிய நேரம் அது. இஹ்ராமில் இருப்பவர்களின் கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணியை வரவிட்டு அல்லாஹ் சோதிப்பதைப் பற்றி அது பேசுகிறது. 'கொம்பு பெரியதாக வேண்டும்' என்ற நிபந்தனையை முதல் நாளே தூக்கி எறிந்திருக்கலாம். தூரமும் கோணமும் வெளிச்சமும் பற்றிய நிபந்தனைகள் முதல் நாளைப் போலவே கடைசி நாளும் நிற்க வேண்டும்.

மான் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எந்த மான் என்ற தேர்வு இங்கேயும் கைகொடுக்கும். அங்கே பலர் மானைக் கறி வெட்டித் தரும் கடையில் விட்டுவிடுவார்கள். பல கடைகளில் மான்கறியில் கொழுப்பு குறைவு என்று சாசேஜுக்கும் கொத்துக்கறிக்கும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். சேர்க்க வேண்டாம் என்று சொன்னாலும், முந்தின ஆளின் கறி போன அதே இயந்திரத்தில்தான் நம்முடையதும் அரைபடும். கழுவிய இயந்திரம், நம் மான் மட்டும் தனியாக என்று உறுதி தருகிற கடையோ, ஹலால் கடையோ கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் வீட்டு கராஜில் மேசை போட்டு, இரண்டு கத்தியும் ஒரு எலும்பு ரம்பமும் வைத்துக்கொண்டு நாமே வெட்டிக்கொள்ளலாம். நடுத்தரப் பெண் மான் என்றால் இரண்டு பேர் ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். முதுகுக் கறியைத் தனியே எடுத்து வைத்து, தொடையைத் துண்டுபோட்டு, மீதியைக் கொத்தி, அக்கம்பக்கத்துக்கும் கொடுத்து அனுப்பிவிடலாம்.